நீ வந்தால்தான் அடங்கும்

பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் கன்று வரவில்லை. பசு யாரையும் அண்டவிடவில்லை. டாக்டருக்கே ஒரு உதை விழுந்ததாம். அப்போதுதான் அண்ணனுக்குத் தங்கை என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது.

"நீ வந்தாத்தான் அடங்கும். நல்லபடியா கன்னு போட்டுடுச்சுன்னா உன் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போ," என்றான் போனில்.

தாயில்லாத அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். கல்யாணத்தின்போது மனசில்லாமல் விட்டுவிட்டு வந்தேன். போட்ட வேலையைப் போட்டபடி ஓடினேன்.

தொழுவத்தில் பாதித் தெரு நின்றது. ஒருவன் செல்போனில் படம் வேறு பிடித்துக்கொண்டிருந்தான். வாய் வரை வந்த வசவை, மாடு மிரளுமே என்று விழுங்கிவிட்டு, எல்லோரையும் வெளியே தள்ளினேன்.

டாக்டர் கையுறையை மாட்டினார். "கன்னுக்குட்டி தலை பின்னால மடங்கியிருக்கு. உள்ள தள்ளித்தான் திருப்பணும். மாடு பயந்தா முக்கறதையே நிறுத்திடும். பேசிக்கிட்டே இருங்கம்மா."

"ராசாத்தி, நான்தான்டி. இங்க பாரு." கழுத்தைத் தடவத் தடவ மூச்சு தணிந்தது. என் தோளில் தலையைச் சாய்த்து முக்கியது. கன்று வைக்கோலில் வழுக்கி விழுந்து தும்மியது. நான் அழுதுவிட்டேன்.

"நஞ்சுக்கொடி இன்னும் விழல. ரெண்டு நாளைக்கு எங்கயும் நகர்த்தாதீங்க," என்றார் டாக்டர். அண்ணன் பவ்யமாகத் தலையாட்டினான். அவர் பைக் தெருமுனை திரும்பியதுமே லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது.

"கன்னோட வேணும்னாங்க. போன வாரமே விலை பேசியாச்சு," என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப எனக்குன்னு சொன்னது?"

"சொல்லலன்னா நீ வந்திருப்பியா?"

"சொல்லாட்டியும் வந்திருப்பேனே அண்ணே!"

கூடப்பிறந்தவன் என்னை இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறான்.

கன்றைத் தூக்கி ஏற்றினார்கள். பசு ஏற்றுப்பலகையின் சத்தத்துக்கு மிரண்டு கால் வைக்க மறுத்தது. டிரைவர் பிரம்பை எடுத்தான்.

"நீ கூப்பிடு," என்றான் அண்ணன். "அடி வாங்காம ஏறும்."

நான் வாயைத் திறக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த அந்த முதுகில் ஓர் அடி விழுந்தது. பிரம்பு மறுபடி உயர்ந்தது.

பலகையில் ஏறி நின்று, "வாடி ராசாத்தி," என்றேன்.

அது கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. தள்ளாடியபடியே நேராக என்னிடம் ஏறி வந்தது.