மெத்தைக் கம்பெனிக்கு அடியில் ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு மெத்தை விளம்பரத்தில் கிடைத்தது என்றால் நம்பவா போகிறீர்கள்? கடற்கரையில் ஒரு பெண் அலைச்சறுக்குப் பலகையைத் தலைமேல் சுமந்து போனாள். பலகையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மெத்தைக் கம்பெனியின் லோகோ. ஏறி நின்று ஆடுகிற பொருளில் படுத்துத் தூங்குகிற பொருளுக்கு விளம்பரமா என்று சிரித்தேன். சிரித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். என் கெட்ட நேரம், இதை யார் கையால் செய்திருப்பார்கள் என்று யோசித்துத் தொலைத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "கடல் அவளுக்குத் தாய்மடியாக…" [சே! கடலைத் தாயாக்காமல் எனக்கு ஒரு வரி எழுத வராதா?]

2

ஆக, ஒரு பட்டறை. பலகை செய்கிறவள் அண்ணி. அதில் ஏறிப் போட்டிக்குப் போகிறவள் அவளுடைய நாத்தனார். முதலில் அண்ணியின் புருஷனையும் வைத்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்க அந்த மனுஷன் டீ கொண்டுவந்து வைத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கதையைவிட்டு அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளவும் இல்லை.

பெரிய போட்டிக்கு நாத்தனாரை மெத்தைக் கம்பெனி அனுப்புகிறது. பலகையில் அவர்கள் லோகோ பெரிதாக இருந்தால்தான். ஒப்புக்கொண்டுவிட்டு வந்து அண்ணியிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அண்ணிக்குச் சுருக்கென்றது. இழைத்து இழைத்து எடுத்த வளைவின்மேல் எவனோ வந்து மெத்தை விரிப்பதா?

காலையில், பலகைக்கு உடம்பாக இருக்கும் வெள்ளை ஃபோம்மேல் அண்ணி பென்சிலால் எழுதினாள்: "இதுதான் இவளுக்கு நான் செய்யும் கடைசிப் பலகை." லோகோ கருநீலம். ஒட்டினால் வரி மறைந்துவிடும், மனசும் ஆறிவிடும். [எழுதாமலே ஆறியிருக்கலாமே என்கிறீர்கள். என்னிடம் வந்து கேட்கிற கேள்வியா இது?]

3

கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். லோகோவை மெல்லிய தாளில் அச்சடித்து ஃபோம்மேல் வைப்பார்கள். மேலே ஃபைபர் துணியைப் போர்த்தி, ரெசின் என்ற பிசினை ஊற்றி, ரப்பர் தகட்டால் இழுப்பார்கள். ரெசினைக் குடித்ததும் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மை மட்டும் நிற்கும். சற்று நேரத்தில் எல்லாம் கல்லாக இறுகிவிடும்.

இதெல்லாம் அண்ணிக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் லோகோவின் நடுவே பெரிதாக ஒரு வெள்ளைத் தலையணை இருந்தது. அந்த வெள்ளை மை அல்ல, வெறும் தாள் என்பது கோபத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

4

நாத்தனார் துணியின் மறுமுனையைப் பிடித்திருக்கிறாள். அண்ணி ரெசினை இழுக்கிறாள். தலையணை தெளிகிறது. பென்சில் வரி பளிச்சென்று எழுந்து வருகிறது.

"அண்ணி…"

"பேசாம பிடி."

"கடைசிப் பலகைன்னு எழுதியிருக்கு."

"கண்ணு தெரியுதுல்ல, அப்புறம் என்ன கேள்வி?" சொல்லிவிட்டு அண்ணி துணியைத் தூக்கித் தாளின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இரு, பிச்சு எடுத்துடறேன். இன்னும் இறுகல."

"எடுத்தா லோகோ கிழிஞ்சிடும், வேற தாள் இல்ல. நாளைக்குக் கம்பெனியில இருந்து பார்க்க வர்றாங்க. லோகோ இல்லன்னா நான் போட்டிக்குப் போன மாதிரிதான்!"

[இங்கே நாத்தனாரை அழவைக்கப் பார்த்தேன். "அவள் கண்களில் நீர்…" மாட்டேன் என்றுவிட்டாள்.]

அவள் சிரித்தாள். "போன போர்டு பாறையில மோதி ரெண்டா உடைஞ்சுச்சே, அதுலயும் பெயின்ட் உரிஞ்ச இடத்துல இதே வரிதான். படிச்சிட்டு எனக்குச் சாப்பாடே இறங்கல. வந்து பார்த்தா நீங்க அடுத்ததை இழைச்சிட்டிருக்கீங்க! அது எதுக்கு எழுதினீங்க?"

"என் இழைப்புளிய எடுத்து நீ கதவைச் செதுக்கினதுக்கு."

"இது?"

"கேக்காம ஒத்துக்கிட்டதுக்கு."

"தப்புதான் அண்ணி."

"கேட்டிருந்தா சரின்னுதானேடி சொல்லியிருப்பேன்!"

5

முடிவு ஒன்று: பிய்க்கிறாள், போட்டி போச்சு. [எனக்கே பொறுக்கவில்லை.]

முடிவு இரண்டு: கம்பெனிக்காரர் வந்து, "ஆஹா, என்ன விளம்பர வாசகம்!" என்று துள்ளுகிறார். [இவ்வளவு அசடாக ஒருவரைப் படைக்க மனசு வரவில்லை.]*

அந்த ஆள் நாளை என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு. நான் அவரைப் பட்டறைக்குள் விடப்போவதில்லை. இப்போது ரெசின் கெட்டியாகிக்கொண்டு வருகிறது, அண்ணியின் விரல் தாளின் ஓரத்தில் இருக்கிறது.

"சட்டுன்னு சொல்லு. பிச்சிடவா, விட்டுடவா?"

"விடுங்க அண்ணி. அடுத்த போர்டுலயும் மறக்காம எழுதுங்க."

* கடற்கரையில் நான் பார்த்தது வேறு பலகை. அதை வைத்து முடிவைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள்.