எமல்டாவின் நிணநீர்

எமல்டாவின் நிணநீர் அவள் இரத்தத்தில் போய்ச் சேரவில்லை. தூத்துக்குடியில் தனியாக இருந்த அவள் கணவன் சவரிமுத்துவின் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. இருவரும் பிரிந்து எட்டு வருடமாயிற்று. அவள் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நின்றாள்.

"ரத்தம் பிரிஞ்சிட்டு. நிணநீர் பிரிய நாளாகும்" என்றார் டாக்டர்.

இதயம் இரத்தத்தை அனுப்புவதோடு சரி. வழியில் சதைக்குள் கசியும் இந்த நீரைத் திரட்டி, இடப்பக்கக் கழுத்தெலும்புக்குக் கீழே மறுபடி இரத்தத்தில் விட வேண்டும். அதைத் தள்ள இன்னோர் இதயம் கிடையாது. ஆள் நடந்தால்தான் கெண்டைக்கால் பிழிந்து, ஒழுங்காக மேலே ஏற்றும்.

ஆகவே எமல்டா விடிந்ததும் ஒரு மணி நேரம் நடந்தாள். அவனுக்குப் போய்க் குறைந்ததைச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்து ஈடுகட்டினாள். ஒருமுறை காலில் ஆணி குத்தி, தொடையிடுக்கில் நெறி கட்டியது. கிருமியை அங்கேயே நிறுத்திவைத்துக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். அவனுக்குச் சுத்தமான நீர்தான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்வான்.

"நாக்கு வறளுது. கூடக் கொஞ்சம் நட."

வேறெதுவும் பேச மாட்டான். ஆடித் தள்ளுபடி வாரத்தில் அவள் கேட்டுவிட்டாள்.

"நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்லா?"

அவன் யோசித்தான். "கால் நல்லாத்தான இருக்கு?"

அதன்பிறகு நான்கு நாள் அவள் நடக்கவில்லை. சேலைகளுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் நடந்தே போனாள். ஐஸ்பெட்டிக்குள் சவரிமுத்துவுக்கு ஒரு கன்னம் மட்டும் நிரம்பியிருந்தது. மறு கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"இருங்க, வந்துட்டேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பெட்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிகளை நகர்த்தி வழி விட்டார்கள்.

மறு கன்னம் நிரம்பியது. உதடு நிரம்பியது. இமைகள் நிரம்பின; திறக்கவில்லை. அழுதுகொண்டே இன்னும் வேகமாக நடந்தாள்.

பெட்டியைக் கொண்டுவந்த ஆள் வாசலிலிருந்து உள்ளே வந்தார். இடப்பக்கக் கழுத்தெலும்பில் கை வைத்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா நடங்க. இப்ப எனக்கு வருது."

எமல்டா நடையைக் குறைத்துக்கொண்டாள்.