ஞானேந்திரனின் ஜப்பான் பாட்டு

ஞானேந்திரனுக்குப் பாட வராது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியேறியிருந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் ஆங்கிலப் பாட்டு தனக்கென்றே எழுதப்பட்டது என்பது அவருடைய நினைப்பு. ஞானஸ்நானம், சாமத்தியவீடு, பிறந்தநாள், எங்கே மைக் நின்றாலும் போய்ப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடுவார். தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு எழுபதுகளில் வந்த ஓர் அமெரிக்கக் காதல் பாட்டைத் தொடங்குவார். ரயில் நிலையத்தில் காதலிக்காகக் காத்து நிற்கிறவனின் பாட்டு அது. அவர் பாடும்போது அந்த ரயில் ஒருநாளும் வந்து சேராது.

மனைவி அக்னெஸ் இருபத்தைந்து வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்கள் குடுத்துவச்சனீங்கள் அக்கா" என்று யாராவது சொன்னால் பல்லைக் கடித்தபடி சிரிப்பாள்.

அவள் லொங்குய்யில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டும் இடத்தில் வேலை செய்தாள். பக்கத்து மேசையில் கியோக்கோ என்ற ஜப்பான்காரி. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு. 2003ஆம் ஆண்டு மாரியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரம், கியோக்கோ தன் ஹெட்போனைக் கழற்றி அக்னெஸின் தலையில் மாட்டிவிட்டாள். அதே ரயில் நிலையப் பாட்டு, ஜப்பானிய மொழியில். யாரோ ஒருவன் அலட்டிக்கொள்ளாமல், பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டுக்கு ஒரு மெட்டு உண்டென்பது அக்னெஸுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

கியோக்கோ அந்த சீடியைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். ஜப்பான்காரர் தங்கள் பாசையில் பாடிய பன்னிரண்டு மேல்நாட்டுப் பாட்டுகள். மெட்ரோவிலும் அடுப்படியிலும் அக்னெஸ் அதையே கேட்டாள். ஒருநாள் ஞானேந்திரன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"இதென்ன, பூனையின்ரை வாலை மிதிச்சமாதிரி? ஜப்பான்காரனுக்கு ரேடியோ செய்யத்தான் தெரியும். பாட்டை எங்களட்டைத்தான் படிக்கோணும்."

"எங்களட்டையோ?"

"ஓம். இங்கிலிஷ் உச்சரிப்பு எண்டு ஒண்டு இருக்கு. உமக்கு உது விளங்காது."

மே மாதம் அவர்களின் வெள்ளிவிழா வந்தது. சனிக்கிழமை பூசை முடிய பங்கு மண்டபத்தில் மதிய விருந்து, நூற்றைம்பது பேர். தன் பாட்டுக்கான பின்னணி இசையை ஞானேந்திரன் ஒலிபெருக்கி போடும் வலன்ரைனிடம் முன்னமே கொடுத்திருந்தார். அக்னெஸ் கோயில் படியில் வலன்ரைனை மறித்தாள்.

"அண்ணை, இவர் சீடியை மாத்திப்போட்டார். இதிலை மூண்டாவது பாட்டைப் போடுங்கோ."

அந்த ஜப்பான்காரனின் குரல் வரும்போது மனிதர் வாயைத் திறந்தபடி நிற்கவேண்டும். இத்தனை பேருக்கு முன்னால், ஒரேயொரு தடவை. வெள்ளிவிழாவுக்கு அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இசை தொடங்கியது. ஞானேந்திரன் கண்ணை மூடினார். பிறகு குரல் வந்தது. கண்ணைத் திறந்தார். மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் வலன்ரைனைப் பார்த்தார், வலன்ரைன் அக்னெஸைப் பார்த்தார், அக்னெஸ் கட்லட்டைப் பார்த்தாள்.

ஆனால் மைக்கைக் கீழே வைக்கிற சாதி இல்லை அவர். "ஹனா மொஷிக்கோ... நாரெ தாக்கிமோ..." என்று வாயில் வந்ததையெல்லாம் பாடத் தொடங்கினார். அவருடைய பிழையை சீடியில் ஓடிய குரல் மூடிக்கொண்டது. ஒவ்வொரு வரிக்கும் இடுப்பை வளைத்து வணங்கினார். மண்டபம் மேசையில் தட்டி ஆரவாரித்தது. பங்குச் சுவாமி எழுந்து நின்று கைதட்டினார்.

"ஜப்பான் பாசையும் தெரியுமோ அண்ணை?" என்று விருந்துக்கு வந்திருந்த நகுலேஸ்வரன் கேட்டான்.

"கொஞ்சம். கேட்டுக் கேட்டு வந்தது" என்றார் ஞானேந்திரன்.

அதற்குப் பிறகு அழைப்புக்குக் குறைவில்லை. முன்பு அவர் மைக்கைத் தேடிப் போனார். இப்போது மைக் அவரைத் தேடி வந்தது. அக்னெஸின் சீடி அவருடைய காருக்குள் போனது, திரும்பவில்லை. கியோக்கோவிடம் இன்னொன்று கேட்டிருக்கலாம். என்ன பயன்? அந்த மெட்டைக் கேட்டாலே இடுப்பை வளைக்கும் மனிதர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஆகஸ்டில், அதே பங்கைச் சேர்ந்த புஷ்பவதியின் மகளுக்கு இல்-பிசார் தீவில், வீட்டுத் தோட்டத்திலேயே கல்யாண விருந்து. மணமக்கள் கேக் வெட்டும்போது ஞானேந்திரன் பாடவேண்டுமாம். அந்தக் கிழமைதான் அக்னெஸ் கியோக்கோவிடம் பாட்டின் கருத்தைக் கேட்டாள். ஆங்கில வரிகளை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை, மெட்டுக்குப் புதிதாக எழுதினார்கள் என்றாள் கியோக்கோ. நான் வேறொருத்தியைக் கட்டிவிட்டேன், நிலையத்தில் நில்லாதே, வீட்டுக்குப் போ என்று ஒருவன் சொல்கிறானாம்.

இல்-பிசாருக்குப் போகும்போது காரில் அக்னெஸ் இதைச் சொன்னாள்.

"கலியாண வீட்டிலை படிக்கிற பாட்டோ இது?"

"ஆருக்கு விளங்கப்போகுது?"

"படிக்கிற உங்களுக்கெண்டாலும் விளங்கவேண்டாமே?"

"எனக்கு ஏனப்பா? நான் பாடுறவன். கருத்துப் பாத்துப் பாடினா ஆராலை பாடேலும்?"

அக்னெஸ் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். "அப்ப, கலியாணத்துக்கு முதல் எங்கடை வீட்டு மதிலடியிலை நிண்டு இந்தப் பாட்டை இங்கிலிஷிலை எனக்குப் படிச்சனீங்களே?"

"அதுவோ? அது நல்ல மெட்டெல்லே."

அவர் சிரித்துக்கொண்டே காரைத் திருப்பினார். இத்தனை வருடமும் அவருடைய தொண்டையைத்தான் அவள் வெறுத்திருந்தாள். வார்த்தைகளையாவது மனிதர் நினைத்துப் பாடினார் என்று உள்ளுக்குள் ஓர் இடம் விட்டுவைத்திருந்தாள். அந்த இடத்தை இப்போது அவரே பெருக்கித் தள்ளிவிட்டார்.

கேக் வெட்டினார்கள். "வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ" என்று ஜப்பான் பாசையில் ஞானேந்திரன் நெஞ்சில் கைவைத்து மணப்பெண்ணைப் பார்த்துப் பாடினார். மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்னெஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அந்தத் தீவில் சனிக்கிழமைகளில் மணித்தியாலத்துக்கு ஒரு பஸ்தான். பட்டுச் சேலையோடும் குதி உயர்ந்த செருப்போடும் தரிப்பிடத்தில் நின்றாள். மரங்களுக்கு அப்பால் இரண்டாவது தடவையும் பாடச் சொல்லிக் கேட்கும் சத்தமும், பிறகு பாட்டும் வந்தன. அக்னெஸுக்கு அழுகை வரவில்லை. பசித்தது. பஸ் வந்ததும் சாரதிக்கு ஒரு பொன்ஜூர் சொல்லி ஏறி, கடைசி இருக்கையில் போய் இருந்து, செருப்பைக் கழற்றினாள்.