கேட்டில் கிடந்த டிரைவ்

என் வீட்டுக்காரர் டேனி எதை ஆர்டர் போட்டாலும் கம்பெனி அட்ரஸ்தான் கொடுப்பார். ஓசூரில் எங்கள் லேஅவுட்டில் பாதி வீட்டுக்கு நம்பரே கிடையாது. கூரியர்காரர் போன் பண்ணிக்கொண்டே தெருத்தெருவாய்ச் சுற்றுவார். அதனால் டேனியோடு வேலை பார்க்கிற எல்லாருடைய செருப்பும் குக்கரும் கம்பெனி கேட் செக்யூரிட்டி ரூமில்தான் வந்து இறங்கும். பாழாய்ப்போன பழக்கம்.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவள். போன புதன்கிழமை என் நாத்தனார் பவுலினாவுக்கே, ஓசூரிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற கல்லாவியில் கல்யாணம். பெரிய கேமராவையும் இரண்டு மெமரி கார்டுகளையும் ஆஞ்சப்பன் என்பவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தேன். மறுநாள் விடியற்காலையில் அவருக்கு மைசூரில் வேறு கல்யாணம்; அன்று மாலை நான்கு மணிக்கே திருப்பியாக வேண்டும். கார்டுகளை அழித்துக் காலியாகத்தான் வாங்குவார். அதற்குள் மொத்தத்தையும் நான் காப்பி செய்துவிட வேண்டும். என் பழைய ஹார்ட் டிஸ்க்கோ ஒரு கார்டுக்கு இரண்டு மணி நேரம் எடுக்கும். லேப்டாப்பில் இடமே இல்லை.

அதற்காகத்தான் மூன்று வாரம் கண் எரிய எரிய உட்கார்ந்து வேகமாகக் காப்பி செய்கிற ஒரு எஸ்எஸ்டி டிரைவ் தேடினேன். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்தால் எல்லாமே ராக்கெட் வேகம்தான். முதல் நூறு ஜிபி ஓடிவிட்டு அப்புறம் மூச்சு வாங்குகிறவற்றைக் கழித்தேன். சூடானால் படுத்துக்கொள்கிறவற்றைக் கழித்தேன். கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று தேறியது. என் லேப்டாப்பில் போட்டால் இரண்டு கார்டும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆர்டர் போட்டது டேனி. "வீட்டு அட்ரஸ் போடுங்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

திங்கட்கிழமை டிரைவ் வந்தது. கம்பெனி கேட்டுக்கு. உள்ளே போகிறவர்களின் போன் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற இடம் அது. டேட்டா ஏறுகிற சாமான் என்று பார்த்ததும் செக்யூரிட்டி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டார். ஐடி ஆபீசர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். அவர் லீவு; புதன்கிழமைதான் திரும்பி வருவார்.

"எஸ்லினு, பூச முடிஞ்சதும் பைக்க எடுத்துட்டுப் போயி வாங்கியாந்துர்றேன். மூணு மணிக்கு இங்க இருப்பேன்" என்றார் டேனி. நானும் நம்பித் தொலைத்தேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. என் மாமனார் இன்னாசிமுத்து இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் பவுலினாவின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போனது டேனிதான். பாதி வழியிலேயே அவர் அழ ஆரம்பித்துவிட்டார். கோயிலுக்குள் செல்போன் எடுக்கக்கூடாது என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எடுத்தது என் கேமரா மட்டும்தான்.

ஒன்றரை மணிக்கு போன் போட்டேன்.

"கேட்லதான் நிக்கிறேன். ஐடி சார் மீட்டிங்ல இருக்காராம்."

"மூணு வாட்டி சொன்னேனே, காதுல என்னத்த வெச்சிருந்தீங்க?"

"கோச்சிக்காதம்மா, இதோ வந்துருவாரு."

பக்கத்தில் ஊத்தங்கரையில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்கு போன் போட்டால் சின்ன பென்டிரைவ்தான் இருக்கிறது என்றார்கள். வேறு வழியில்லாமல் தாலி கட்டியது பதிவான இரண்டாவது கார்டைப் பழைய டிஸ்க்கில் போட்டேன். அது நகர்ந்த நகர்வில் எனக்குப் பைத்தியமே பிடித்தது. முடியும்போது மணி மூன்றே முக்கால். ஆஞ்சப்பன் மூன்று மணிக்கே வந்து வாசலில் நின்றிருந்தார்.

முதல் கார்டில் இரண்டு பெரிய கிளிப் இருந்தன. ஒன்று, வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மாமியாரான அத்தை தன் மகள் பவுலினாவின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தது. இன்னொன்று டேனி பவுலினாவைக் கூட்டிப்போனது. ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும்.

"அண்ணா, நாலு மணிக்கு மேல முக்கால் மணி நேரம் குடுங்க."

"பத்து நிமிசம் வேணா நிக்கிறன் மேடம். அதுக்கு மேல ஆவாது, மைசூர் போய்ச் சேரணும்."

ஒன்றுதான் பிழைக்கும். அத்தையின் கிளிப்பைப் போட்டேன். அது முடிந்ததும் அவருடைய பத்து நிமிடமும் சரியாகப் போயிருந்தது. ஆஞ்சப்பன் என் கண் முன்னாலேயே கார்டுகளை அழித்து, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐந்தேகாலுக்கு டேனி வந்தார். முகமெல்லாம் புழுதி. சாப்பிட்டிருக்கவில்லை. டிரைவை என் கையில் வைத்தார்.

"இந்தா, வாங்கியாந்துட்டேன். மொதல்ல நான் பாப்பாவக் கூட்டிட்டுப் போனதப் போடு. எல்லாரும் பாக்கணும்ங்குறாங்க."

நாலு மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அது போயிடுச்சுங்க" என்றேன்.

அவர் முகத்துப் புழுதியைத் துண்டால் துடைத்தார். அப்புறம், "அம்மாவுது இருக்குல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அத்தையின் கிளிப்பைக் காப்பாற்றியது நியாயம்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். அந்த நேரத்தில் என் விரல் நியாயம் பார்க்கவில்லை. டேனி மேல் இருந்த கோபத்தில்தான் அவர் கிளிப்பை விட்டுவிட்டு அழுத்தியது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.