செவ்வாய் கிட்ட வந்த வருஷம்

கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்தால் ஊர் உலகத்தில் எல்லாரும் கடலையைத்தான் பார்ப்பார்கள். கோகிலா கடலையை மொத்தமாக முந்தானையில் கொட்டிவிட்டு, கூம்பாகச் சுருட்டியிருந்த காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினாள். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஓர் ஆடு நின்றது. தாடியும் வளைந்த கொம்புமாகச் சீமை ஆடு.

"அட ராமா, மறுபடியும் ஆடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், விநாயகர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளித் தட்டை இறக்கி வைத்து வியாபாரம் செய்யும் சுப்பையனுக்கு முகம் சுருங்கிப்போனது.

"என்னா தங்கச்சி, கடல சரியில்லியா?"

"கடல நல்லாத்தாண்ணே இருக்கு. ஆடுதான் வேணாம். கிராவிட்டேஷன் இருந்தா குடுங்க."

சுப்பையன் தன் தட்டை ஒரு முறை கண்ணால் துழாவினான். "அது வறுத்ததா, அவிச்சதா?"

சிரிக்காதீர்கள். அவனுக்கு எப்படித் தெரியும்? கோகிலாவுக்கே அந்தச் சொல் அறிமுகமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

கதை இதுதான். கோகிலாவுக்குச் செவ்வாய் தோஷம். அவள் குடியிருந்த காஜா பெராங்கில் அது தெரியாத வீடு கிடையாது. பெண் பார்க்க வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், பெண் லட்சணம் என்பார்கள், ஜாதகக் கட்டத்தைப் பார்த்ததும் குடையைத் தேடுவார்கள். ஜப்பான்காரன் வந்தபோது ஆறாம் வகுப்போடு கான்வென்ட் படிப்பு நின்றது. அதன்பின் தையல் இயந்திரம்தான் துணை. அண்ணன் பொன்னுதுரை தங்கமானவன். அண்ணி கமலவேணியும் கெட்டவள் இல்லை. ஆனால் பெருமூச்சு விடுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கோகிலா ஒரு ரவிக்கையைத் தைத்து முடித்தாலே போதும், "நம்ம கோகிலாவுக்கு எப்பத்தான்..." என்று ஒன்று கிளம்பிவிடும். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலில் விளக்குப் போடச் சொன்னவளும் அண்ணிதான்.

அப்படி விளக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் கோகிலாவுக்குச் சுருக்கென்று ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடமாக என் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே, இது யார்? இதன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லையே! கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, அதே தெருவில் பள்ளிவாசலைத் தாண்டி இருந்த ஹாஜா பாயின் காகிதக் கடைக்குப் போனாள். மையும் சிலேட்டும் மதராஸ் பத்திரிகைகளும் விற்கிற கடை.

"பாய், செவ்வாயப் பத்தி பொஸ்தகம் இருக்கா?"

"இல்லாம என்னாம்மா!" ஹாஜா பஞ்சாங்கம் ஒன்றும், பரிகார விளக்கம் ஒன்றும் எடுத்துப் போட்டார்.

கோகிலா புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இதுல அது எனக்கு என்னா பண்ணும்னு போட்டிருக்கு பாய். எனக்கு அது வேணாம். அது யாரு, எங்க இருக்கு, எப்படி இருக்கும்? அதச் சொல்ற பொஸ்தகம்."

ஹாஜா தாடியைச் சொறிந்தார். 'இல்லை' என்ற வார்த்தை அந்தக் கடையில் ஏறக்குறைய கெட்ட வார்த்தை. அது ஐம்பத்தாறாம் வருடம். பண்டார் ஹிலிர் பாடாங் திடலில் மெர்டேக்கா தேதியை, நாட்டுக்குச் சுதந்திரம் வரும் நாளை, சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில, கப்பலுக்கு முன்பதிவு செய்துவிட்டு வீட்டுச் சாமான்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பங்களாவிலிருந்து, பொட்டலம் மடிக்க ஆகுமென்று ஹாஜா நிறுத்து வாங்கிய தடித் தடிப் புத்தகங்கள் மூலையில் கிடந்தன. உலகத்து விஷயத்தையெல்லாம் எழுத்து வரிசையில் அடுக்கிய ஆங்கிலத் தொகுதிகள். ஹாஜா தேடித் தூசி தட்டி 'எம்' எழுத்துத் தொகுதியை நீட்டினார். "மார்ஸ் இதுலதாம்மா இருக்கணும். கொண்டுபோய்ப் படி. புரியலன்னா திரும்பக் கொண்டா."

கோகிலா திரும்பக் கொண்டுபோகவே இல்லை.

பகலெல்லாம் பிறத்தியார் ரவிக்கை. மாலையில் சமையலுக்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரம் அவளுடையது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, மறந்துபோன கான்வென்ட் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தட்டி எழுப்பினாள். காந்தம் வந்தது, நுண்ணோக்கி வந்தது, பாதரசம் வந்தது, பால்வீதி வந்தது, நிலா வந்தது. எல்லாம் 'எம்'மில் தொடங்குகிற உலகம்! அந்த உலகத்தில் மின்சாரம் கிடையாது, சூரியன் கிடையாது. நிலா மட்டும் யாருடைய வெளிச்சத்திலோ பளபளவென்று கிடந்தது. ஊசி டப்பாவில் காந்தத்தைக் காட்டினால் ஊசிகள் சிலிர்த்து எழுந்து நிற்பது எதனால் என்று அவளுக்கு இப்போது பாதி தெரியும். மீதிப் பாதிக்கு வேறு தொகுதி வேண்டும்.

செவ்வாயை அவள் கடைசிக்கென்று வைத்திருந்தாள். பயம்தான், வேறென்ன? படித்தபோதோ நெஞ்சு இளகிவிட்டது. பூமியின் அகலத்தில் ஏறக்குறைய பாதியே உள்ள சின்னக் கிரகம். ஒரே குளிர். இரண்டு தலையிலும் வெள்ளையாகப் பனிக்குல்லாய். கூடவே பொடிப்பொடியாக இரண்டு நிலா. அங்கேயும் ஒரு பகல், ஓர் இரவு, ஏறக்குறைய நம்முடைய நீளம்தான். பாவம், அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது; இங்கே மலாக்காவில் ஒரு வீட்டில் தன்னைத் திட்டித் தீர்ப்பது அதற்குத் தெரியவே தெரியாது. கோகிலாவுக்கு அழுகை வந்தது. தனக்காகவா அதற்காகவா என்று சொல்லத் தெரியவில்லை.

பக்கத்தின் கீழே ஒரு சிறு பட்டியல்: செவ்வாய் பூமிக்கு மிக அருகே வரும் வருடங்கள். அதில் 1956 இருந்தது. செப்டம்பர் மாதம். புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள். வீட்டு வாசல் வரை வருகிற விருந்தாளியை மாதக்கணக்கில் எதிர்பார்ப்பதுபோல் அன்றிலிருந்து எதிர்பார்க்க ஆரம்பித்தாள்.

ஆனால் அது ஏன் சுற்றுகிறது, ஏன் விழவில்லை என்று கேட்டால் 'எம்' தொகுதி கையை விரித்தது. 'கிராவிட்டேஷன், அதாவது ஈர்ப்பு: ஜி தொகுதி பார்க்க' என்று அடைப்புக்குறி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஓடினாள் ஹாஜாவிடம். ஹாஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யா அல்லா! ஜி போயிடுச்சேம்மா. போன வாரந்தான் சுப்பையன் வாங்கிட்டுப் போனான், கச்சாங் மடிக்க."

அதனால்தான் இந்தக் கடலைத் தீனி. வாங்கினாள், வாங்கினாள், வீட்டில் எல்லாருக்கும் வயிறு உப்பும்வரை வாங்கினாள். கையுறை வந்தது, பசை வந்தது, கண்ணாடி செய்கிற முறை வந்தது, ஆடு மட்டும் கூட்டமாக வந்தது. ஒரு நாள் கலிலியோ வந்தார். குழாயில் கண்ணாடி பொருத்தி வானத்தைப் பார்த்தவர். பார்த்ததைச் சொன்னதற்காக வயதான காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்களாம். அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. அப்புறம் அந்த மனிதர் என்ன ஆனார் என்ற கவலையில் கோகிலா இரண்டு கைகளையும் ஒரே அளவில் வெட்டாமல் ஒரு ரவிக்கையைக் கெடுத்தாள். பிறகொரு நாள், சுப்பையனிடம் கிராவிட்டேஷன் கேட்ட வாரத்திலேயே, ஈர்ப்பு வந்தது. அரைப் பக்கம்தான். எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்று போட்டிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர்கூட ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். ரொம்ப மெல்லிய இழுப்பு என்பதால் தெரிவதில்லையாம். பசாரில் நடந்து வரும்போது கோகிலா முன்பின் தெரியாத முகங்களையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தாள்.

ஆகஸ்டில் செவ்வாய் தென்னைகளுக்கு மேலே வந்துவிட்டது. செப்டம்பரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கே கிழக்கில் ஏறியது. சிவப்பென்றும் சொல்ல முடியாது, ஆரஞ்சென்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிறம். 'வந்துட்டியா' என்று மெல்லக் கேட்டாள்.

அதே மாதம்தான் வரனும் வந்தது.

"மாப்பிள்ளைக்கும் செவ்வாய் தோஷம்டி!" கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பேருக்கும் இருந்தா கழிஞ்சிடும். இங்கதான், நம்ம பத்து பெரெண்டாம் ஏர்போர்ட்ல ஸ்டோர் பாக்குறாராம். இத விட்டா இனிமே யாரும் வரமாட்டாங்க, சொல்லிட்டேன்."

கோகிலாவுக்குத் தூக்கம் போய்விட்டது. சரி என்றால் என்ன அர்த்தம்? அந்தச் சின்னக் கிரகம்தான் குற்றவாளி என்று தானே கையெழுத்துப் போடுவதுபோல் ஆகாதா? வேண்டாம் என்றால், தலை நரைக்கும்வரை தையல் இயந்திரமும் அண்ணியின் பெருமூச்சும். ஒரு துணை வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று பொய் சொல்வானேன்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அவரிடம் செவ்வாயைக் காட்டுவது. அவர் கண்ணை மூடிக்கொண்டால் வேண்டாம். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயபாலனுக்குக் காதோரம் லேசாக நரை. உட்கார்ந்ததிலிருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா சாரதாம்பாள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். பஸ் தாமதம், மகனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து கலைந்தது, சீனி விலை என்று பேச்சு நீளுவதற்குள் வெளியே இருட்டிவிட்டது. கோகிலா காபித் தட்டை வைத்தாள். வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றாள்.

"கொஞ்சம் வெளிய வர்றீங்களா? ஒன்னு காட்டணும்."

கமலவேணிக்கு மூச்சே நின்றுவிட்டது. பொன்னுதுரை, "என்னம்மா இது" என்று எழுந்தான். ஆனால் ஜெயபாலன் எழுந்து வந்துவிட்டார். அவர் வந்ததால் அம்மா வந்தார், அம்மா வந்ததால் எல்லாரும் வந்தார்கள். முற்றத்தில், துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில், கோகிலா கையை நீட்டினாள்.

"அதோ, தென்ன மரத்துக்கு மேல. அதான் செவ்வாய்."

"ஐயையோ!" சாரதாம்பாள் பாய்ந்து மகனின் சட்டைக் கையைப் பிடித்தார். "பாக்காதப்பா! கீழ குனி!"

ஜெயபாலன் பழக்கத்தில் குனிந்தார். கோகிலாவின் கை நீட்டியபடியே நின்றது. அவ்வளவுதானா, முடிந்ததா? அப்போது அவர் மெல்ல, கழுத்து நோவுகிறவர்போல, தலையை நிமிர்த்தினார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதாங்க."

"இவ்ளோ அழகா இருக்கே." "யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே."

பிறகு, யாரும் கேட்காமலேயே, தரையைப் பார்த்துப் பேசுகிற அந்த மனிதர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "சின்ன வயசுலேர்ந்து அம்மா செவ்வாயப் பாக்கக் கூடாதுன்னாங்க. எது செவ்வாய்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயம். அதனால நான் எதையுமே பாத்ததில்லைங்க. பொழுது சாஞ்சா தலையக் குனிஞ்சிக்கிட்டே வீட்டுக்குப் போயிடுவேன்."

கோகிலா தன் ஒருத்திக்குத்தான் அநியாயம் நடந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு மனிதருக்கு வானம் முழுவதையும் இல்லாமல் ஆக்கியிருக்கிறார்களே!

"இந்தாடி," பின்னாலிருந்து கமலவேணி முழங்கையால் இடித்தாள். "உள்ள காபி ஆறுது. அவங்களுக்கு என்னா பதில் சொல்றது?"

"கொஞ்சம் இருங்கண்ணி," என்றாள் கோகிலா. "அவரு பாத்து முடிக்கட்டும்."

ஜெயபாலன் செவ்வாயிலிருந்து பக்கத்து நட்சத்திரத்துக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார். தலையை அண்ணாந்தபடி பின்னால் பின்னால் நகர்ந்து கொடிக்கம்பத்தில் இடித்துக்கொண்டார், அதையும் கவனிக்கவில்லை. சட்டைக் கையை விடாமலே கூட நகர்ந்துகொண்டிருந்த சாரதாம்பாளும், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், மெல்ல முகத்தை உயர்த்தினார்.