இராகுகாலத்தில் ஒரு சென்சர்

சந்திரமௌலீசனுடைய காரில் ஒயில் லைற் மினுங்கத் தொடங்கி மூன்று கிழமை. ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருக்கும் துஷ்யந்தன் மீற்றர் பூட்டிப் பார்த்து, எஞ்சினில் ஒயில் அழுத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதை அளக்கிற சென்சர்தான் பொய் சொல்கிறது என்றுவிட்டான். புதுச் சென்சரையும் எடுப்பித்துக் கொடுத்தான். "கழட்டிப் பூட்டுறதுதான் ஐயா, நீங்களே செய்யலாம்" என்று இடத்தையும் காட்டிவிட்டான்.

ஆனால் பூசை செய்கிற குடும்பத்தில் கழட்டிப் பூட்டவும் நாள் வேண்டும். தாய் சிவயோகம் பஞ்சாங்கத்தை விரித்தார். செவ்வாய் ஆகாது. அதற்கடுத்தது அட்டமி. அதற்கடுத்தது நவமி. பிறகு வந்தது மரணயோகம். அந்தப் பெயரைக் கேட்டதும் அவனுக்கே பொனற்றைத் திறக்க மனம் வரவில்லை.

அவனுடைய கலியாணமும் இப்படித்தான் நாற்பது தாண்டி இழுபட்டுக்கொண்டு கிடந்தது. அம்மா தலையாட்டாத இடத்தில் அவன் தலையாட்டியதில்லை. புளியங்கூடல் ஹம்சத்வனியின் சாதகம் மட்டும் எப்படியோ சிவயோகத்தின் கையிலிருந்து தப்பிவிட்டது. இதுவும் குழம்பினால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நல்ல நேரம் பார்த்துப் புங்குடுதீவிலிருந்து பெண் பார்க்க வெளிக்கிட்டார்கள். பாலம் கடந்து வேலணைக்கு ஏறியதும், மினுங்கிக்கொண்டிருந்த சிவப்பு லைற் விடாமல் எரியத் தொடங்கியது.

"நிப்பாட்டு" என்றார் பின்னாலிருந்த சிவயோகம்.

"அது சென்சர் அம்மா. ஒண்டுமில்லை."

"நல்ல காரியத்துக்குப் போகேக்கை சிவப்புக் காட்டுது. நிப்பாட்டடா."

நிறுத்தினான். "அப்ப மாத்திப்போட்டுப் போவம். சாமான் இஞ்சைதான் கிடக்கு."

சிவயோகம் மணிக்கூட்டைப் பார்த்தார். "இராகுகாலம் தொடங்கிட்டுது. இதுக்குள்ள ஒரு வேலை தொடங்கக் கூடாது."

"அப்ப இப்பிடியே போவமோ?"

"லைற் எரிய எரியவோ? ஏலாது."

ஆக, போகவும் ஏலாது, திருத்தவும் ஏலாது. தாயும் மகனும் காருக்குள் இருந்தபடி எதிரே நின்ற பனையைப் பார்த்தார்கள். பனைக்கு ஒரு அவசரமும் இல்லை. அவன் பெண்வீட்டுக்குப் போன் எடுத்து, கார் வேலணைப் பாலத்தடியில் நின்றுவிட்டது, கொஞ்சம் சுணங்கும் என்றான். எவ்வளவு சுணங்கும் என்று ஹம்சத்வனியின் தகப்பன் கேட்டார். இராகு விடுகிற அளவு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பட்டுச் சேலை; தலையில் ஹெல்மெற்; ஹெல்மெற்றுக்குக் கீழே நசிந்துபோன மல்லிகை.

"நான் ஹம்சத்வனி. எங்கட வீட்டில வாகனம் ஓடுற ஆள் நான்தான், அதுதான் வந்தனான். என்ன பழுது?"

"ஒயில் சென்சர்."

"புதுசு வாங்கோணுமோ?"

"கையில இருக்கு."

"பூட்டத் தெரியாதோ?"

"தெரியும்."

அவள் அவனைப் பார்த்தாள். மடியில் பஞ்சாங்கத்தோடு இருந்த சிவயோகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சரி, நான் போய் அப்பாட்டைச் சொல்லுறன்" என்று ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

என்ன சொல்லப்போகிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து முதல்தரமாக, அம்மாவின் முகத்தைப் பாராமல் கதவைத் திறந்து இறங்கினான்.

"மௌலி, இராகுகாலமடா!"

"ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே பொனற்றைத் தூக்கினான்.

வயரைக் கழற்றி, பழைய சென்சரை ஸ்பானர் போட்டுத் திருகி எடுத்தான். சுடச்சுட ஒயில் மணிக்கட்டு வழியே ஓடி, பெண் பார்ப்பதற்கென்று உடுத்திருந்த வெள்ளை வேட்டியில் சொட்டியது. புதியதை வைத்து இறுக்கி வயரைக் கொழுவினான். காரை ஸ்ராட் பண்ணியதும் சிவப்பு லைற் ஒருக்கால் எரிந்து நூர்ந்தது; பிறகு எரியவே இல்லை. இராகு ஒன்றும் செய்யவில்லை. நிமிர்ந்து பார்த்தான், ஹம்சத்வனி போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு ஸ்கூட்டியை முன்னால் விட்டாள்.

பாதி வழியில், "வீட்டால வெளிக்கிட்டது நல்ல நேரத்திலதானே" என்று சிவயோகம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பெண்வீட்டில் ஹம்சத்வனியின் தகப்பன் கதிரை போட்டு இருத்தினார். வேட்டியில் இருந்த கறுப்பைக் காணாதவர்போல நலம் விசாரித்தார். பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது.

"அப்ப பிள்ளையைக் கூப்பிடட்டோ? பாக்கோணுமெல்லோ."

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் றோட்டிலயே பாத்து முடிச்சிட்டன் அப்பா. எனக்கு ஓம்."