முகம் மூடிய பாஸ்போர்ட்

1955ஆம் ஆண்டு ஜூலை எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த சற்று நேரத்தில், கோவளம் தர்கா தெருவில் பதருன்னிசாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த புகைப்படம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. அன்று கரையில் வஞ்சிரம் குறைவு, காரல் ஏராளம். அந்துருண்டை போடுவதற்காகத் தகரப் பெட்டியைத் திறந்த அவள் புருஷன் பஷீருதீன்தான் முதலில் பார்த்தான். புத்தகத்தை மூடித் திறந்தான், தலைகீழாகப் பிடித்தான், வெயிலில் காட்டினான். படம் அசைந்துகொடுக்கவில்லை. பூச்சி அரித்திருந்தால் யாரையாவது திட்டலாம், இதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான்.

பதருன்னிசா பினாங்கில் பிறந்தவள். பத்தொன்பது வயதில், சிங்கமும் குதிரையும் பொறித்த நீல அட்டை பாஸ்போர்ட்டோடு கோவளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த புதிதில் நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்படுவாள். ஆறு வருடத்தில் செங்கல்பட்டிலிருந்து வரும் கருவாட்டு வியாபாரிகளிடம் முகத்துக்கு நேராகப் பேரம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். தலையில் முந்தானை இருக்கும், முகத்தை மூடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அதில் மாமனார் அப்துல் கையூமுக்கு உள்ளூரக் குறைதான். அதனால் படத்தின் செய்தி கேட்டதும் பூரித்துப்போனார். கண்ட ஆண்பிள்ளையும் புரட்டிப் பார்க்கும் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் வேறு என்ன செய்வாள் என்று பள்ளிவாசலில் கேட்டார். "மருமவளவிட அவ படத்துக்கு அடக்கம் ஜாஸ்தி" என்று தெருவெல்லாம் சொன்னார். பெண்கள் வந்து திறந்து பார்த்தபோதும் முக்காடு விலகவில்லை. எந்த நேரத்தில் ஆண்பிள்ளை வருவான் என்று அதற்கு எப்படித் தெரியும், முன்ஜாக்கிரதையாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஊரே ஒத்துக்கொண்ட பிறகு அது வெட்கம்தான் என்று ஆகிவிட்டது.

மறுநாள் பினாங்கிலிருந்து தந்தி வந்தது. அவள் அண்ணன் கொடுத்தது: உம்மா சீரியஸ், உடனே புறப்படு. பதருன்னிசா அன்றே பெட்டி கட்டினாள். தன்னைப் பெற்ற சுல்தான் பீவியின் முகத்தை அவள் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. கண் மூடுவதற்குள் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். கப்பலுக்குக் காத்திருக்க நேரமில்லை என்று விமானத்தில் போவதாக முடிவானது. புது பாஸ்போர்ட் வாங்கினால் என்ன என்று மதராஸில் விசாரித்ததில் மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த நாளில் விமானக் கம்பெனி ஒன்று செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே மாடி அறை பிடித்து, அந்நிய நாட்டு பாஸ்போர்ட்டில் பயணம் போகிறவர்களின் காகிதங்களைச் செவ்வாயும் வெள்ளியும் சரிபார்த்தது. மீனம்பாக்கத்தில் கடைசி நேரத்தில் அழுகையும் ஆர்ப்பாட்டமும் வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. சரிபார்ப்பவர் படாளத்து ஏசுதாஸ். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் குனிந்து நின்ற குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். அந்த நாற்காலியை அவர் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. ஏற்றிவிட்ட ஆளை அந்தக் கரையில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினால், கம்பெனி தன் செலவில் கூட்டிவர வேண்டும். சரிபார்த்தவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அவர் படத்தில் முதலில் காதைப் பார்ப்பார். தாடி வரும், பல் போகும், காது மட்டும் மாறாது என்பது அவர் அனுபவம்.

அடுத்த வெள்ளி பதருன்னிசா நீட்டிய பாஸ்போர்ட் படத்தில் காதும் முக்காட்டுக்குள் இருந்தது. ஏசுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னாம்மா இது? காதையாவது காட்டச் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். படம் முகத்தை மூடுவது அவர் வேலையில் புதிதே தவிர, விதிப்புத்தகத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை. முகம் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் விதி. "நான் சொல்லாமயா இருக்கேன் சார்? கேக்க மாட்டேங்குதே" என்றாள் பதருன்னிசா. அடுத்த செவ்வாய் வரச் சொன்னார். அப்போதும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு வெள்ளி, இன்னொரு செவ்வாய். திருப்போரூர் வழியாக பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தாள். திரும்பும் வழியெல்லாம் பாஸ்போர்ட்டை மடியில் திறந்துவைத்துத் தன் பத்தொன்பது வயதைக் கெஞ்சினாள், மிரட்டினாள். உன் கூச்சத்தால் உம்மாவின் முகம் எனக்கு இல்லாமல் போய்விடும் என்று ஒருநாள் பஸ்ஸிலேயே சத்தம் போட்டாள். கண்டக்டர் கேட்டும் கேட்காதது போல டிக்கெட் கிழித்தார்.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, ஐந்தாம் தடவையாகப் புருஷனும் பெண்டாட்டியும் மாடி ஏறினார்கள். எண்ணைக் குறித்துக்கொள்ள பாஸ்போர்ட்டை வாங்கிய டைப்பிஸ்ட் ஜெசிந்தா, விரலைப் பார்த்தாள். ஈரம். மழை இல்லை, அறையில் தண்ணீர்க் கூஜாவும் இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணாத்த, இங்க வா. தோளப் பாரு, குலுங்கிகினு கீது. இது வெக்கம் இல்ல. அழுதுகினு கீது."

ஏசுதாஸ் பார்த்தார். ஒரு ஊரே பார்த்தும் கண்ணில் படாதது அப்போது தெளிவாகத் தெரிந்தது. ஒரு பெண் முகத்தை மூடினால் அது வெட்கம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள்.

பதருன்னிசா விரல் விட்டு நாள் எண்ணினாள். "தந்தி சனிக்கிழம வந்துச்சு. இது வெள்ளிக்கிழமையே மூடிக்கிச்சு. இந்தப் படம் எடுக்கறப்ப உம்மாதான் எதிர்ல நின்னாங்க. இதுக்குத்தான் எல்லாருக்கும் முன்னால தெரிஞ்சிருக்கு." பிறகு புருஷனைப் பார்த்தாள். "மச்சான், உம்மா இருக்காங்களா?"

பஷீருதீன் கை சட்டைப்பைக்குப் போனது. தூரத்தில் இருக்கும் பெண்ணுக்குச் சாவை எழுதாமல் சீரியஸ் என்று எழுதுவதும், அவள் போய்ச் சேரும்வரை கூட இருப்பவர்கள் மறைப்பதும் அவர்கள் வழக்கம். தந்திக்குப் பின்னால் பினாங்கிலிருந்து வந்த கடிதம் ஒன்பது நாளாக அவன் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தான். "போய் எறங்கினப்புறம் தெரியட்டும்னு இருந்தேன். தாங்க மாட்டியேன்னு" என்றான்.

அவள் கடிதத்தைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்கள் முன்னால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கீழே பாசஞ்சர் ரயில் வந்து நின்று, ஆளை இறக்கி, போயும்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து முந்தானைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "உம்மாவுக்கு ஓதுற நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்காவது போவணும் சார்."

ஏசுதாஸ் பாஸ்போர்ட்டை இழுத்து வைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள், தோளின் சரிவு, கழுத்து ஒருபக்கம் சாய்ந்த விதம் என்று ஒவ்வொன்றாக, காதைப் பார்க்கிற அதே நிதானத்தோடு ஒப்பிட்டார். இத்தனை வருட வேலையில் இவ்வளவு சரியாகப் பொருந்திய படத்தை அவர் பார்த்ததில்லை. பதிவேட்டில் "படமும் ஆளும் ஒன்றே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி பினாங்கு அதிகாரி அந்தப் பக்கத்தைத் திறந்து முகம் மூடிய படத்தைப் பார்த்தார், எதிரே அதே போல மூடி நின்றவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்.